மேண்டிலும் உமியும்

(வெள்ளிவிழாக் கல்விக் கருத்தரங்கில், உளுந்தூர்பேட்டையில், அரசுப் பள்ளித் தலைமையாசிரியர் ஆற்றிய உரை)

     

‘விஞ்ஞானமும் நம் இளைஞர்களும்’ என்னும் தலைப்பில் பேசுமாறு செயலாளர் அவர்கள் என்னைப் பணித்திருக்கிறார்கள். நான் விஞ்ஞானம் படித்தவன் அல்லன். வரலாற்றில் பி.ஏ. பட்டமும் பின்னர் பி.எட். பட்டமும் பெற்றவன். அத்தகைய ஒருவன் விஞ்ஞானம் முழுவதையும் பற்றிப் பேசத் தொடங்கினால், அது பெருங்கடலை உழக்கால் அளக்கும் வேலையாகிவிடும். ஆகையால் ஒரே ஒரு பொருளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். தாவரத்தை அச்சாக வைத்துக்கொண்டு, நுண்ணிய துளைகள் நிறைந்த பீங்கான் செய்யும் கலை அது. இப்பொருளுக்கும் நமக்கும் என்ன தொடர்பு என்று சிலர் எண்ணக்கூடும். தொடர்பு நம் தலைமேலேயே இருந்தது என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

பீங்கான் என்றவுடன் தேநீர்க் கோப்பையும் ஊறுகாய் ஜாடியும் நம் நினைவுக்கு வருகின்றன. விஞ்ஞானிகளோ அச்சொல்லை விரிந்த பொருளில் ஆளுகின்றனர். மண்ணும் மணலும் உலோக ஆக்சைடுகளும் தீயில் வெந்து இறுகினால், அவர்கள் கணக்கில் அது பீங்கான் குடும்பத்தைச் சேர்ந்தது. செங்கல்லும் அக்குடும்பமே; மண்பானையும் அக்குடும்பமே.

என் தந்தையார் பெட்ரோமாக்ஸ் விளக்குச் சுமப்பவர். நம் ஊர்ப்புறத்தில் அதனைக் கேஸ் லைட் என்பார்கள். திருமண ஊர்வலம், சாமி புறப்பாடு, விடிய விடிய நடக்கும் தெருக்கூத்து எதுவாயினும் அந்த விளக்கில்லாமல் நடவாது. விளக்கை வாடகைக்கு எடுப்பவர் ஒருவர். அதனைத் தலையில் சுமப்பவர் நம்மவர். தலையில் சும்மாட்டை வைத்து, அதன்மேல் விளக்கை ஏற்றி, ஊர்வலத்தின் இருமருங்கிலும் நடந்து செல்வார்கள். தெரு முழுவதும் வெளிச்சமாயிருக்கும். சுமப்பவரின் முகம் மட்டும் விளக்கின் அடிநிழலில் கிடக்கும். ஊர்வலம் கோயில் வாசலை அடைந்ததும் விளக்கு உள்ளே போகும். என் தந்தையார் வெளியே நிற்பார்.

சிறுவனாக நானும் உடன் சென்றிருக்கிறேன். எனக்கு அந்த விளக்கில் வியப்பூட்டியது மேண்டில் என்னும் சிறிய வலைப்பை. புதிதாக வாங்கும்போது அது துணிபோலத் துவளும். விளக்கின் முனையில் கட்டி ஒருமுறை கொளுத்திவிட்டால் துணி எரிந்து போகும். ஆனால் பை அப்படியே நிற்கும். வெள்ளை வெளேரென்று, சற்றே சுருங்கி, தொட்டால் உதிர்ந்துவிடும்படி நிற்கும். 1984ஆம் ஆண்டு வெளிவந்த ‘வைதேகி காத்திருந்தாள்’ திரைப்படத்தில் செந்தில் கை வைத்து உடைத்தாரே, அதே மேண்டில்தான். அந்தக் காட்சியைப் பார்த்து நீங்கள் எல்லாரும் சிரித்திருப்பீர்கள். எங்கள் வீட்டில் யாரும் சிரிக்கவில்லை. ஒருநாள் இரவு, கல் தடுக்கி என் தந்தையார் தள்ளாடியபோது மேண்டில் உதிர்ந்து போயிற்று. அன்றைய கூலியில் பாதியை அதற்கெனப் பிடித்துக்கொண்டார்கள்.

மறுநாள் பள்ளியில், “ஐயா, துணி எரிந்த பிறகும் பை எப்படி நிற்கிறது?” என்று ஆசிரியர் ஒருவரிடம் கேட்டேன். “விளக்குத் தூக்குகிறவனுக்கு அது எதற்கு?” என்றார். வகுப்பே சிரித்தது. அந்தக் கேள்வியை நான் அதன்பின் யாரிடமும் கேட்கவில்லை. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் கழித்து அதற்கு விடை சொன்னவள் நம் தெருப் பெண் ஒருத்தி. அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் விடையைக் கேளுங்கள்.

ஆஸ்திரிய நாட்டில் கார்ல் அவுவர் பான் வெல்ஸ்பாக் என்றொரு இரசாயன அறிஞர் இருந்தார். 1885ஆம் ஆண்டில் அவர் மேண்டிலுக்குக் காப்புரிமை பெற்றார். முதலில் செய்தவை நன்றாக ஒளிரவில்லை. 1891ஆம் ஆண்டளவில் சரியான கலவையைக் கண்டார்: தோரியம் ஆக்சைடு நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு, சீரியம் ஆக்சைடு ஒரு பங்கு. செய்முறை எளிது. பருத்தி நூலால் பின்னிய பையைத் தோரியம் நைட்ரேட்டும் சீரியம் நைட்ரேட்டும் கரைந்த நீரில் ஊறவைத்து உலர்த்த வேண்டும். நூலிழைகளுக்கு உள்ளே உப்பு புகுந்து தங்கிவிடும். பிறகு கொளுத்தினால், நூல் எரிந்து காற்றாகிப் போகும். நைட்ரேட் உப்பு ஆக்சைடாக மாறி, நூல் இருந்த இடத்தில் நூலின் வடிவத்திலேயே நிற்கும். இழை ஒவ்வொன்றும் நுண்துளைகள் நிறைந்த ஒரு பீங்கான் இழை. தோரியம் ஆக்சைடு 3,300 டிகிரி சென்டிகிரேடு அளவில்தான் உருகும். ஆதலால் மண்ணெண்ணெய் ஆவியின் தழலுக்கு அது அசையாது. பருத்திச் செடி அச்சைத் தந்தது, தீ அச்சை நீக்கியது, பீங்கான் எஞ்சியது. இன்று ஆய்வுக்கூடங்களில் பெரும்பெயரிட்டு அழைக்கும் இக்கலை, நம் பெரியோர் தலையில் இரவெல்லாம் எரிந்துகொண்டிருந்தது.

இதில் இன்னொரு கதையும் உண்டு. வரலாற்று மாணவன் என்ற முறையில் அதைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை. இந்தத் தோரியத்துக்கான மணலை முன்பு பிரேசிலிலிருந்தே பெரும்பாலும் எடுத்தார்கள். 1909ஆம் ஆண்டில் ஷோம்பர்க் என்னும் ஜெர்மானிய இரசாயனர், திருவிதாங்கூரிலிருந்து வந்திறங்கிய தேங்காய் நாரில் ஒட்டியிருந்த மணலை ஆராய்ந்து, அதில் மோனசைட் இருப்பதைக் கண்டார். மணல் எங்கிருந்து வந்தது என்று தேடிவந்து, மணவாளக்குறிச்சியில் 1910ஆம் ஆண்டில் ஆலை அமைத்தார். அன்று திருவிதாங்கூரில் இருந்த அவ்வூர், 1956 முதல் நம் மாநிலத்தின் கன்னியாகுமரி மாவட்டத்தைச் சேர்ந்தது. விடுதலைக்குப் பின் 1950ஆம் ஆண்டில் இந்திய அருமண் நிறுவனம் தோன்றியது. 1955 முதல் பம்பாய்க்கு அருகே டிராம்பேயில் இயங்கிய தோரியம் ஆலையின் நைட்ரேட் உப்பைப் பெரிதும் வாங்கியவர்கள் மேண்டில் செய்பவர்களே. தேங்காய் நாரைத் திரித்த கைகளும், கரையில் மணலை வாரிய கைகளும், விளக்கைச் சுமந்த கைகளும் யாருடையவை என்று நான் சொல்லத் தேவையில்லை. நடுவில் இருந்த அறிவு மட்டும் நம் கைக்கு வரவில்லை.

விளக்கு மறைந்துவிட்டது. மின்சாரம் வந்தது, நல்லதுதான். அந்தச் சுமை நம் பிள்ளைகளின் தலையில் இல்லை என்பதில் என்னைவிட மகிழ்பவர் எவரும் இருக்க முடியாது. தோரியம் சிறிதளவு கதிர்வீச்சு உடைய பொருள் என்பதால், பிற்காலத்தில் பல நிறுவனங்கள் அதனை விட்டு இட்ரியம் போன்ற பொருள்களுக்கு மாறின. விளக்கு போயிற்று, கலை போகவில்லை. அது இப்போது நம் ஊரின் உமிக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது.

உளுந்தூர்பேட்டை வட்டாரத்தில் நெல்லும் கரும்பும் விளைகின்றன. அரிசி ஆலைகள் இருக்கின்றன. ஆலையின் உமியை நாம் அறிவோம். நெல் அவிக்க அதுவே எரிபொருள். செங்கல் சூளையிலும் அதுவே எரிபொருள். உமிக்கரியால் நம் பாட்டிமார்கள் பல் துலக்கினார்கள். அதற்கு மேல் எஞ்சிய கருஞ்சாம்பலைச் சாலையோரத்தில் கொட்டுகிறார்கள். காற்றடித்தால் கண்ணில் விழுகிறது.

அந்தச் சாம்பலில் என்ன இருக்கிறது? நெற்பயிர், மண்ணில் கரைந்துள்ள சிலிக்காவை வேரால் உறிஞ்சுகிறது. 2006ஆம் ஆண்டில் ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள், அதை உள்ளே இழுக்கும் மரபணுவையே நெல்லில் கண்டறிந்தார்கள். உறிஞ்சிய நீர் ஆவியாகப் போகும், சிலிக்கா தங்கிவிடும். பயிரின் வேறெந்தப் பகுதியையும்விட உமியின் மேல்தோலில் அது மிகுதியாகத் தங்குகிறது. நெல்மணியைத் தடவினால் கை அரிக்கிறதே, அதன் காரணங்களில் இதுவும் ஒன்று. நூறு கிலோ நெல்லில் ஏறத்தாழ இருபது கிலோ உமி. அதை எரித்தால் நான்கு கிலோ அளவு சாம்பல். அச்சாம்பலில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு வரை சிலிக்கா. மேண்டிலுக்கு நாம் நூலை உப்புநீரில் ஊறவைக்க வேண்டியிருந்தது. உமியில் அந்த வேலையும் இல்லை. பயிர் தானே அச்சைப் பின்னி, தானே அதில் பொருளையும் ஊற்றி வைத்திருக்கிறது. அச்சை எரித்து நீக்குவது மட்டுமே நம் வேலை.

ஆனால் எரிப்பதில்தான் வித்தை இருக்கிறது. உமியில் பொட்டாசியம் போன்ற உப்புகள் உண்டு. அப்படியே எரித்தால் அவை சிலிக்காவை இளகச் செய்து, கரியை உள்ளே பூட்டிவிடும். சாம்பல் கறுப்பாகவே இருக்கும். முதலில் உமியை நீர்த்த அமிலத்தில் காய்ச்சி, நன்றாகக் கழுவி உலர்த்தி, பிறகு 600 அல்லது 700 டிகிரி வெப்பத்தில் நிதானமாக எரித்தால், சுண்ணாம்புபோல வெண்மையான தூள் கிடைக்கும். அதன் துகள்களும் துளைகளும் நானோமீட்டர் அளவின. ஒரு மீட்டரை நூறு கோடிப் பங்காக்கினால் அதில் ஒரு பங்கு நானோமீட்டர். நம் தலைமுடி ஒன்றின் பருமன் ஏறத்தாழ எண்பதாயிரம் நானோமீட்டர் என்று கொள்ளலாம்.

இவ்வளவு சிறிய துளைகளால் என்ன பயன் என்று கேட்பீர்கள். துளை சிறுத்துப் பெருகினால் உள்மேற்பரப்பு பெருகும். நன்றாகச் செய்த உமிச் சிலிக்கா ஒரு கிராமில், துளைகளின் சுவர்களையெல்லாம் விரித்துப் பரப்பினால், இருநூறு சதுர மீட்டருக்கு மேல் வரும். நம் கணக்கில் ஏறத்தாழ ஐந்து சென்ட்! மூன்று சென்ட் மனைப்பட்டாவுக்காக எத்தனை ஆண்டுகள் எத்தனை அலுவலகங்களின் படிகளில் ஏறி இறங்கியிருக்கிறோம்! ஒரு சிட்டிகைச் சாம்பலுக்குள் ஐந்து சென்ட் மடித்து வைத்திருக்கிறது. (சிரிப்பு.) அந்தப் பரப்பில் நீரின் மாசு ஒட்டிக்கொள்ளும், அல்லது வேண்டிய மருந்தை ஒட்டவைக்கலாம். 2009ஆம் ஆண்டில் டாட்டா நிறுவனம் உமிச்சாம்பலில் நுண்ணிய வெள்ளித் துகள்களைச் சேர்த்துக் குடிநீர் வடிகட்டி ஒன்றை வெளியிட்டது இவ்வழியில்தான். இவ்வகைச் சிலிக்கா ரப்பரிலும் சேர்கிறது, சிமெண்டிலும் சேர்கிறது. கான்பூர் ஐ.ஐ.டி.யில் பி. சி. கபூர் என்னும் பேராசிரியர், 1980களில், இத்தகைய நல்ல சாம்பல் தரும் எளிய கூடை அடுப்பு ஒன்றை வகுத்தார். பெரிய ஆலை தேவையில்லை, கிராமத்திலேயே எரிக்கலாம் என்பது அதன் சிறப்பு.

செங்கல் சூளையில் வேலை செய்த தாய்மார்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். மண் மிதிக்கும்போது உமியைச் சேர்த்து மிதிப்பதுண்டு. வெந்தபின் அந்தக் கல் எடை குறைந்திருக்கும்; உடைத்துப் பார்த்தால் உமி இருந்த இடத்தில் உமி வடிவத்திலேயே துளை இருக்கும். அதுவும் இதே கலை. துளையின் அளவு மட்டுமே பெரிது. 1981ஆம் ஆண்டில் குவாதமாலா நாட்டில் பெர்னாண்டோ மசாரியேகோஸ் என்பவர் இதனை ஒரு குடிநீர்ப் பானையாக்கினார். களிமண்ணில் சலித்த மரத்தூளையோ உமியையோ கலந்து பானை செய்து சுட்டால், எரிந்துபோன துகள்களின் வழியே நீர் மெல்லக் கசியும். கிருமிகள் உள்ளேயே தங்கும். வெள்ளிக் கரைசலையும் பூசுவார்கள். குயவர் சூளையிலேயே செய்யத்தக்க அந்தப் பானை பல ஏழை நாடுகளுக்குப் பரவியிருக்கிறது. நல்ல தண்ணீருக்காக நம் சமுதாயம் பட்ட பாட்டை நினைத்தால், இந்தப் பானை என் மனத்தில் மேண்டிலைவிட ஒரு படி மேலேயே நிற்கிறது.

இதற்கு மேலும் போயிருக்கிறார்கள். 1973ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கட்லர், உமியிலிருந்து சிலிக்கான் கார்பைடு செய்யும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். சாணை பிடிக்கும் கல்லில் உள்ள கடினப்பொருள் அது. உமியில் சிலிக்காவும் இருக்கிறது, கரியும் இருக்கிறது. காற்றுப் புகாமல் மிகுந்த வெப்பத்தில் இரண்டும் கூடிவிடுகின்றன. ஜெர்மனியில் எர்லாங்கன் நகரத்து அறிஞர்கள் 1990களில் மரத்துண்டையே காற்றில்லாமல் கரியாக்கி, அதன் துளைகளில் உருகிய சிலிக்கானைப் பாய்ச்சினார்கள். மரத்தில் நீர் ஏறிய குழாய்களெல்லாம் அப்படியே இருக்க, மரம் கல்லினும் கடியதாயிற்று. கொல்கத்தாவிலுள்ள மத்திய கண்ணாடி, பீங்கான் ஆராய்ச்சி நிறுவனத்தாரும் தாவரங்களிலிருந்து இவ்வாறு செய்து 2004ஆம் ஆண்டில் ஆய்வுரை வெளியிட்டிருக்கிறார்கள். இவற்றின் நுணுக்கம் எனக்கு முழுவதும் விளங்கிவிட்டது என்று நான் பொய் சொல்லமாட்டேன்.

ஒன்றை மட்டும் தாய்மார்கள் கவனமாகக் கேட்க வேண்டும். உமி அளவுக்கு மீறிய வெப்பத்தில், ஏறத்தாழ 800 டிகிரிக்கு மேல் வெந்தால், அந்தச் சிலிக்கா படிகமாக மாறத் தொடங்கும். படிகச் சிலிக்காவின் நுண்தூள் மூச்சில் போனால் நுரையீரலில் தங்கி சிலிகோசிஸ் என்னும் நோயை உண்டாக்கும். அது வந்தபின் முற்றிலும் குணமாக்க மருந்து இல்லை. ஆலையில் சாம்பல் அள்ளுபவர் யார்? சூளையடியைப் பெருக்குபவர் யார்? முந்தானையை மூக்கில் கட்டிக்கொண்டால் போதும் என்று இருக்கிறோம், போதாது. முதலில் தண்ணீர் தெளித்துத் தூசியை அடக்க வேண்டும். உரிய முகக்கவசத்தைக் கேட்டு வாங்க வேண்டும். சாம்பலின் விலையை அறியாதவன் வருமானத்தை இழப்பான். அதன் கேட்டை அறியாதவன் மூச்சை இழப்பான்.

இனி அந்தப் பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன். பெயரைச் சொன்னால் வெட்கப்படுவாள்; ஆகவே சொல்லவில்லை. அவளுடைய பெற்றோர் கல் அறுக்கப் போகிறவர்கள். தை பிறந்தால் சட்டி பானையோடு குடும்பமே சூளைக்குப் போய்விடும். திரும்பி வர ஆனி ஆகும். அவளும் போனாள். மூன்று ஆண்டுகள் பாதி வகுப்போடு நின்று நின்று படித்தாள். பத்தாம் வகுப்பில் அவளுடைய பாட்டி அவளைத் தன்னிடம் நிறுத்திக்கொண்டாள். அதன்பின் அவள் தேர்வுகளில் தவறவில்லை. மேல்நிலையில் அறிவியல் பிரிவைக் கேட்டபோது, “உங்களுக்கு அது கடினம், வரலாறு எடுத்துக்கொள்” என்று சொன்னவர்கள் இருந்தார்கள். வரலாற்றுக்காரனாகிய நான்தான் அதை மறுத்து அவளுக்குப் பரிந்து பேசினேன்! கல்லூரியில் வேதியியல் சேர இச்சங்கம் பணம் கட்டியது. இன்று முதுகலை முடித்துவிட்டு ஆராய்ச்சி மாணவியாக இருக்கிறாள். உமியிலிருந்து சிலிக்கா எடுப்பதே அவளுடைய வேலை.

சென்ற விடுமுறையில் பள்ளிக்கு வந்தாள். பழைய பொருள்கள் கிடக்கும் அறையில் ஒரு துருப்பிடித்த கேஸ் லைட் இருந்தது. அதைக் கையில் எடுத்து, “ஐயா, நான் செய்வது இதுதான், தெரியுமா?” என்றாள். பிறகு கரும்பலகையில் நூலையும் உப்பையும் தீயையும் வரைந்து, நான் இதுவரை உங்களுக்குச் சொன்னதையெல்லாம் எனக்குச் சொன்னாள். நான் மாணவர் பலகையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். என் தந்தையார் மறைந்து பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. அவர் இருந்திருந்தால் அவரையும் அழைத்துவந்து பக்கத்தில் உட்காரவைத்திருப்பேன்.

வெள்ளிவிழா நிதியைக் கொண்டு சாலையோரத்தில் தோரண வாயில் ஒன்று எழுப்பலாம் என்று சில பெரியோர்கள் கருதுகிறார்கள். அவர்கள் ஆசையை நான் குறை சொல்லவில்லை. நம் பெயர் கல்லில் இருக்க வேண்டும் என்று நினைப்பது, நெடுங்காலம் எங்கும் பெயர் இல்லாதிருந்தவர்களுக்கு இயல்பு. ஆயினும் என் கருத்தை இந்த மேடையிலேயே சொல்லிவிடுகிறேன். தை முதல் ஆனி வரை சூளைக்குப் போகும் குடும்பங்களின் பிள்ளைகள் ஊரிலேயே தங்கிப் படிக்க, ஓர் இல்லம் வேண்டும். சமைத்துப் போட ஓர் ஆள் வேண்டும். எல்லாப் பிள்ளைகளுக்கும் அந்தப் பாட்டி கிடைக்கமாட்டாள். பொதுத்தேர்வு வருவது சூளை எரியும் காலத்தில் என்பதை நினைவில் வையுங்கள். பணம் மிஞ்சினால், மாலை வேளையில் சோதனை செய்து பார்க்க ஓர் அறையும், ஆயிரம் டிகிரி வரை ஏறும் ஒரு சிறிய மின்உலையும் வேண்டும். செங்கல் வேகும் பக்குவத்தை நிறத்தைப் பார்த்தே சொல்லும் கண் நம் பிள்ளைகளுக்கு இருக்கிறது. அந்த நிறத்துக்கு எத்தனை டிகிரி என்று எண்ணால் சொல்ல அவர்கள் அங்கே பழகட்டும். நிருவாகக் குழு கூடும்போது இதை வாக்கெடுப்புக்கு விட வேண்டுகிறேன். தோற்றாலும் வருத்தமில்லை, மறு ஆண்டும் இதையே கேட்பேன்.

மேடைக்குக் கீழே உள்ள மேசையில் மூன்று பொருள்கள் வைத்திருக்கிறேன். ஒரு தட்டில் நம் ஊர் ஆலையின் கருஞ்சாம்பல். ஒரு மூடிய குப்பியில் அந்தப் பெண் கொடுத்தனுப்பிய வெண்சிலிக்கா. ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் எரித்த மேண்டில். கூட்டம் முடிந்ததும் வரிசையாக வந்து பாருங்கள். சாம்பலைக் கையில் எடுத்துப் பார்க்கலாம், ஊதிவிடாதீர்கள். குப்பியைத் திறக்க வேண்டாம். மேண்டில் பெட்டியைச் சிறுவர்கள் ஆட்ட வேண்டாம்; அது ஒன்றுதான் இருக்கிறது.